இதயத்துடிப்பு கோளாறும் மயக்க மருந்தும்: கேளுங்க, மயக்கவியல் டாக்டர் சொல்றேன்

கேள்வி: அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தோட மேலறை ஒழுங்கில்லாம துடிக்கறது) இருக்கு டாக்டர். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னாடி மெட்டோப்ரோலால், அபிக்ஸபான் ரெண்டையும் நிறுத்திடவா?

பதில்: ரெண்டும் வேற வேற கதைங்க. துடிப்ப மெதுவாக்கற மெட்டோப்ரோலால வழக்கமா அன்னிக்கு காலைலயும் ஒரு மடக்கு தண்ணில போட சொல்லுவோம், திடீர்னு விட்டா துடிப்பு எகிறும், தொண்டைல டியூப் போடற நேரத்துல அத அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அபிக்ஸபான் ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ரத்தப்போக்கு கம்மியான ஆபரேஷன்னா பொதுவா முந்தின 1 நாள், அதிகம்னா 2 நாள் விடுவோம், கிட்னி சரியில்லன்னா கணக்கு மாறும். தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க, பக்கவாதம் வர்ற ஆபத்து இருக்கு.

கேள்வி: ஆபரேஷன் நேரத்துல பேஸ்மேக்கர் மேல காந்தம் வெச்சா போதுமாமே?

பதில்: சாதா பேஸ்மேக்கர்னா பெரும்பாலும் போதும். காட்டரிங்கற மின்சாரக் கருவில ரத்தக்குழாய சுடறப்போ வர்ற மின்சார இரைச்சல பேஸ்மேக்கர் இதயத்துடிப்புன்னு நம்பி சும்மா இருந்துடும், காந்தம் வெச்சா எதையும் கவனிக்காம ஒரே வேகத்துல துடிக்க வைக்கும். ஆனா ஷாக் குடுக்கற ஐசிடில காந்தம் ஷாக்க மட்டும்தான் நிறுத்தும், பேஸிங் (துடிப்ப ஓட்டற வேலை) மாறாது. அதனால அந்த டிவைஸ் கார்ட கைல குடுங்க, எது உள்ள இருக்குன்னு தெரியாம காந்தத்த வெச்சு பிரயோஜனமில்ல. ப்ரோக்ராம் பண்ணி ஷாக்க ஆஃப் பண்ணியிருந்தா, மானிட்டர கழட்டறதுக்கு முன்னாடி திரும்ப ஆன் பண்ணியாச்சான்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

கேள்வி: தங்கச்சிக்கு லாங் க்யூடி, அதாவது ஈசிஜில க்யூடிங்கற இடைவெளி நீளமா இருக்கற கோளாறு. பயமா இருக்கு சார்.

பதில்: முன்னாடியே தெரிஞ்சதே பெரிய விஷயம்மா. வாந்திக்கு சாதாரணமா போடற ஆன்டன்செட்ரான தவிர்ப்போம், செவோஃப்ளுரேன்ங்கற மயக்க வாயுவும் க்யூடிய நீட்டும், அதனால நரம்புல ஏத்தற மயக்க மருந்து ப்ரோபோஃபால்ல போறது நல்லது. பொட்டாசியம், மெக்னீசியம் முதல்லயே சரி பண்ணிடுவோம், ஷாக் குடுக்கற டீஃபிப் பேட நெஞ்சுல ஒட்டியே ஆரம்பிப்போம்.

கேள்வி: எனக்கு இதய நோயே இல்ல, லேப்ராஸ்கோபில (சின்ன துளை வழியா பண்ற ஆபரேஷன்) துடிப்பு 35க்கு இறங்கிச்சாம். ஏன்?

பதில்: வயித்துக்குள்ள கேஸ் ஏத்தறப்போ உள்சவ்வு இழுபடும், வேகஸ் நரம்பு தூண்டப்படும். மானிட்டர் பீப் சட்டுனு இழுவையா மாறும், நான் திரையகூட பாக்க மாட்டேன், காதுலயே தெரிஞ்சிடும், "கேஸ விடுங்க"ன்னு சர்ஜன்கிட்ட சொல்லுவேன், பல தடவ துடிப்ப ஏத்தற அட்ரோபின் சிரிஞ்ச கைல எடுக்கறதுக்குள்ள பீப் பழைய வேகத்துக்கு வந்துடும்.