நேட்டோ நிலைக்குமா? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கா நேட்டோவை விட்டு விலகிவிடுமா?

பதில்: நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியை உருவாக்கிய ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவுப்படி ஓராண்டு முன்னதாக அறிவித்துவிட்டு எந்த நாடும் விலகலாம். ஆனால் அமெரிக்காவில் 2023 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, செனட் என்ற மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாது. எனக்குப் பயம் விலகலைப் பற்றியே இல்லை. உள்ளே இருந்துகொண்டே ஒதுங்கி நிற்கலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்காது.

கேள்வி: எப்படி ஒதுங்க முடியும்? ஒரு நாட்டைத் தாக்கினால் 32 நாடுகளும் போருக்கு வந்தாக வேண்டுமே?

பதில்: வந்தாக வேண்டியதில்லை. 5ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ வேண்டும், ஆனால் எந்த நடவடிக்கை தேவை என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யும். படை அனுப்புவதும் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

கேள்வி: 2001இல் அந்தப் பிரிவின்படிதானே எல்லோரும் ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள்?

பதில்: பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். செப்டம்பர் 12 அன்று 5ஆவது பிரிவு முதல்முறையாகக் கையில் எடுக்கப்பட்டது உண்மை. அதன்படி நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வானத்தைக் காவல் காத்தன. ஆனால் ஆப்கான் போரை அமெரிக்கா தன் தலைமையில் தனிக் கூட்டணியாகத் தொடங்கியது. ஐ.நா. ஒப்புதலோடு அங்கிருந்த பன்னாட்டுப் படையின் தலைமை நேட்டோவிடம் வந்தது 2003இல்தான்.

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் நேட்டோவுக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லையாமே?

பதில்: இதே கேள்வி இன்று மூன்றாவது முறை. நேட்டோ வைத்திருந்த 2 சதவீத இலக்கு சந்தா இல்லை, ஒவ்வொரு நாடும் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தன் சொந்த ராணுவத்துக்குச் செலவிட வேண்டிய பங்கு. 2025இல் ஹேக் மாநாட்டில் இலக்கை 2035க்குள் 5 சதவீதமாக உயர்த்தினார்கள். அதில் 3.5 நேரடிப் பாதுகாப்புக்கு, 1.5 சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. தயவுசெய்து 'பாக்கி' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்தியா சேரலாமா?

பதில்: முடியாது. 10ஆவது பிரிவு ஐரோப்பிய நாடுகளை மட்டுமே அழைக்கச் சொல்கிறது.

கேள்வி: தங்கம் விலை ஏறுமா?

பதில்: அது என் துறை இல்லை. சந்தை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1966இல் பிரான்ஸ் போனபோதும் நேட்டோ நிற்கவில்லையா? அமெரிக்கா போனால் மட்டும் என்ன?

பதில்: அன்றைய பிரெஞ்சு அதிபர் டி கோல் கூட்டணியை விட்டுப் போகவில்லை, ராணுவத் தலைமை அமைப்பை விட்டு மட்டும்தான் விலகினார். தலைமையகம் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது, 2009இல் பிரான்ஸும் திரும்பி வந்தது. அமெரிக்காவின் இடம் வேறு. 1951இல் ஐசனோவரில் தொடங்கி ஐரோப்பாவில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி எப்போதும் அமெரிக்கர்தான். வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்கள், உளவுச் செயற்கைக்கோள்கள், கனரகப் போக்குவரத்து விமானங்கள் எல்லாவற்றிலும் ஐரோப்பா அவர்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. வீரர்களும் டாங்கிகளும் ஐரோப்பாவிடம் இருக்கிறார்கள், இருக்கின்றன. அவற்றை நேட்டோவின் கிழக்கு எல்லையிலுள்ள லித்துவேனியா வரை கொண்டுசேர்த்து, எங்கே சுடுவது என்று சொல்லும் அமைப்புதான் குறைவு. பணம் இன்றே வந்தாலும் அதைக் கட்டியெழுப்பப் பல ஆண்டுகள் பிடிக்கும்.