பாட்டிலில் வந்த பாக்டீரியா

அன்புள்ள ஐயா,

கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பை அறுக்கும் பாக்டீரியா நொதியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோரை தாங்காமல், மஞ்சள் நடும் முன்பு தோட்டத்தில் இரண்டு வருடமாகக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தோம். அதிலும் இந்தப் பிணைப்பு இருக்கிறதாமே! கடையில் ‘மருந்தைத் தின்னும் பாக்டீரியா’ என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஊற்றினால் மண் சுத்தமாகிவிடுமா?

வாசகர் ஒருவர், கோபிசெட்டிப்பாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வேலை தெரிந்த பாக்டீரியாக்கள் பொதுவாக மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குப் பசிதான் இல்லை.

நீங்கள் அடியுரமாக வைக்கும் டி.ஏ.பி.யில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பாஸ்பேட்டாக இருக்கிறது; பாஸ்பரஸைச் சுற்றி ஆக்சிஜன். கிளைபோசேட்டிலோ பாஸ்பரஸ் நேரே கார்பனைப் பிடித்திருக்கிறது. லேசில் விடாத பிடி அது. ஈ.கோலை பாக்டீரியா இந்த ஒரு காரியத்துக்காக 14 மரபணுக்களை வரிசையாக வைத்திருக்கிறது. முதலில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து அடினைன் என்ற பகுதியைக் கழற்றி, அந்த இடத்தில் பாஸ்போனேட்டை (கார்பன்–பாஸ்பரஸ் பிடி உள்ள பொருளை) கோக்கும். பிறகு இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்தின் துணையோடு வெட்டும். ஆக்சிஜன் பட்டால் அந்தக் கொத்து கெட்டுவிடும். அவ்வளவு நோஞ்சான் கத்தி.

இத்தனை செலவை எந்த உயிரும் சும்மா செய்யாது. பாஸ்பேட் தட்டுப்பாடு வந்தால்தான் அந்த மரபணுக்கள் விழிக்கும். பாஸ்பேட் வற்றிய கடல் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் மெத்தில்பாஸ்போனேட்டை அறுத்து, பாஸ்பரஸை எடுத்துக்கொண்டு மீத்தேனை வெளியே விடுகின்றன. வருடாவருடம் டி.ஏ.பி. விழும் தோட்டத்தில் அந்த நெருக்கடி எங்கே? இலையில் சோறும் பருப்பும் நெய்யோடு இருக்கும்போது பனங்கொட்டையை எவன் உடைப்பான்? பாட்டிலிலிருந்து இறங்கும் விருந்தாளியும் அதே இலையில்தான் உட்காருவார்.

மண்ணில் கிளைபோசேட் சிதையாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் வேறு வழியில், நைட்ரஜன் பக்கமாக உடைந்து ஏ.எம்.பி.ஏ. என்ற பொருளாகிறது. அதில் அந்தக் கார்பன்–பாஸ்பரஸ் பிடி அப்படியே இருக்கும். தாய்ப்பொருளைவிட அதுதான் மண்ணில் நெடுநாள் தங்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன். கிளைபோசேட்டுக்கு நம் நாட்டில் பதிவு இருப்பது தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கையோ, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்றது.

மஞ்சளைப் பட்டினி போடச் சொல்லவில்லை. அடுத்த அடியுரத்துக்கு முன்பு மண் பரிசோதனை செய்து, மணிச்சத்து எவ்வளவு என்று எழுதுங்கள். போதுமானது இருந்தால் முதலில் டி.ஏ.பி. மூட்டையைக் குறைப்போம். கோரைக்குக் களைக்கொத்துதான்; கோரை கிழங்கோடு வர வேண்டும்.