நான்-ஜிஎம்ஓ (Non-GMO, 'மரபணு மாற்றப்படாதது') முத்திரை இருந்தால் மரபணு மாற்றம் அறவே இல்லை என்று நம்பலாமா?

அறவே இல்லை என்று அந்த முத்திரை சொல்வதில்லை. வட அமெரிக்காவில் பட்டாம்பூச்சிச் சின்னத்தைத் தரும் நான்-ஜிஎம்ஓ பிராஜெக்ட் என்ற அமைப்பு, உணவுப் பொருள்களில் மரபணு மாற்றிய கலப்புக்கு வைத்திருக்கும் வரம்பு 0.9 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் தற்செயலான கலப்பு 0.9 சதவீதத்தைத் தாண்டினால்தான் 'மரபணு மாற்றப்பட்டது' என்று எழுத வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மகரந்தம் காற்றில் பறக்கிறது. இரண்டு வகை விளைச்சலும் ஒரே லாரியில், ஒரே கிடங்கில் போகக்கூடும். பூஜ்யம் என்று யாராலும் உறுதி தர முடியாது.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததே உப்புப் பாக்கெட்டில் இந்த வாசகத்தைப் பார்த்த பிறகுதான். உப்பில் மாற்றுவதற்கு மரபணுவே கிடையாது! அச்சிட்டது பொய் இல்லை, சரி. ஆனால் பக்கத்தில் இருக்கும் முத்திரை இல்லாத உப்பில் ஏதோ ஆபத்து இருப்பதுபோல் காட்டுகிறதே, அது எனக்குத் தவறாகவே படுகிறது. சோயா, மக்காச்சோளம், கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்து), பருத்தி விதை, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு, பப்பாளி என்று மரபணு மாற்றிய ரகங்கள் உண்மையிலேயே சந்தைக்கு வரும் சில பயிர்களில்தான் இந்த முத்திரையைத் தேடுவதில் பொருள் இருக்கிறது.

எண்ணெய் விஷயம் இன்னும் சிக்கல். மரபணு மாற்றத்தைக் கண்டறியப் பயன்படும் பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை, மரபணுக்கள் அடங்கிய டிஎன்ஏவைத் தேடிக் கண்டுபிடிப்பது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயிலும் வெள்ளைச் சர்க்கரையிலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு டிஎன்ஏ மிஞ்சுவதில்லை. ஆகவே பாட்டிலைச் சோதித்துப் பயனில்லை. விதையாக இருக்கும்போதே சோதித்து, அங்கிருந்து ஆலை வரைக்கும் தனியாகப் பிரித்து வைத்து, அதற்கு ஆவணமும் வைத்திருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுப்பது இந்தக் கண்காணிப்புக்குத்தான். அதனால்தான் வெளியாள் யாராவது சரிபார்த்தார்களா, அல்லது நிறுவனம் தானாகவே அச்சிட்டுக்கொண்டதா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். பால், முட்டையில் வரும் முத்திரையும் இப்படித்தான்: மாடும் கோழியும் தின்ற தீவனத்தைப் பற்றியது அது.

பூச்சிமருந்துக்குப் பயந்து இதை வாங்குகிறீர்கள் என்றால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். மரபணு மாற்றாத பயிருக்கும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிப்பார்கள். இந்த முத்திரை அதைத் தடுக்காது. அந்தக் கவலைக்கு ஆர்கானிக் சான்றிதழ்தான் நெருக்கமான பதில். செயற்கைப் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் இடமில்லை, மரபணு மாற்றிய விதைக்கும் இடமில்லை.