தானே வாசிக்கும் பியானோவும் 16 சேனல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிஸ்க்ளாவியர், பியானோடிஸ்க், கியூஆர்எஸ் என்று தானே வாசிக்கும் பியானோக் கருவி எதை வைத்திருப்பவர்களும் அனுப்பும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: மிடி ஃபைல் (எந்த நோட்டை எப்போது, எவ்வளவு பலமாக அடிப்பது என்ற கட்டளைகளின் கோப்பு) ஓடுகிறது, கட்டைகளும் அசைகின்றன, ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. மிடிக் கட்டளைகள் 16 தனித்தனி வழிகளில் போகின்றன, அவற்றுக்குத்தான் சேனல் என்று பெயர். டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் ஃபைலில் உள்ள சேனல் எண்களைப் பாருங்கள். பியானோவுக்கு ராகமும் தெரியாது, கையும் தெரியாது. வரும் எண்ணைப் பார்த்துக் கட்டையை அழுத்துகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: இணையத்தில் எடுத்த ஒரு பாட்டு மிடி ஃபைலைப் போட்டால் இடப்பக்கத்தில் இரண்டு மூன்று கட்டைகள் மட்டும் விடாமல் அடிக்கின்றன. மெலடி அதற்குள் அமுங்கிவிடுகிறது. கட்டையை இயக்கும் மின்காந்தமான சோலினாய்டு பழுதா?

பழுதில்லை. பியானோ டிரம்ஸ் வாசிக்கிறது. இடது ஓரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அடிபடுபவை 16, 18, 22ஆவது கட்டைகள் என்றால் சந்தேகமே வேண்டாம். பியானோவின் முதல் கட்டை மிடி நோட் 21, கடைசிக் கட்டை 108. ஆகவே கட்டை எண்ணோடு 20 கூட்டினால் நோட் எண் கிடைக்கும்: 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட். 1991இல் வந்த ஜெனரல் மிடி முறை 10ஆம் சேனலைத் தாள வாத்தியங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டது. உங்கள் கருவியில் 'எல்லாச் சேனல்களும் பியானோவுக்கு' என்ற அமைப்பு இருந்தால் அந்த 10ஆம் சேனலும் கட்டைகளுக்கு வந்துவிடும்.

ஃபைலைக் கணினியில் மிடியைத் திருத்தும் ஏதாவது ஒரு சீக்வென்சர் மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு சேனலின் தொடக்கத்திலும் உள்ள புரோகிராம் எண்ணை, அதாவது எந்த வாத்தியம் என்று சொல்லும் எண்ணை, பாருங்கள். 1 முதல் 8 வரை பியானோ குடும்பம். அந்த எண் உள்ள சேனலை மட்டும் பியானோவுக்கு விட்டு, மற்றதையெல்லாம் உள்ளிருக்கும் டோன் ஜெனரேட்டருக்கு, அதாவது ஸ்பீக்கருக்கு, விடுங்கள். மெலடி புல்லாங்குழல் சேனலில் இருந்தால் அதையும் கட்டைக்கு இழுத்துவர ஆசை வரும். வேண்டாம். வாத்தியக் குழுவுக்காகப் போட்டதைப் பத்து விரலுக்குள் திணித்தால் நன்றாக வராது. தனிப் பியானோவுக்கென அமைத்த ஃபைலைத் தேடுவதே மேல். அதுவரை பழைய ஃபைலை ஓட்டாதீர்கள். தந்தியை அடிக்கும் ஒரே ஹேமர் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான முறை அடித்தால் அதன் ஃபெல்ட் வீணாகத் தேயும்.

கேள்வி: ஒரு கை மட்டும்தான் வாசிக்கிறது. மற்ற கை ஸ்பீக்கரில் கேட்கிறது.

வலக்கை ஒரு சேனலிலும் இடக்கை இன்னொன்றிலும் இருக்கிறது. கருவி அதில் ஒன்றை மட்டுமே ஏற்கிறது. டிஸ்க்ளாவியரின் பல மாடல்களில் மிடி வரவேற்புச் சேனலுக்கு '1+2' என்றொரு தேர்வும், புரோகிராம் எண்ணைப் பார்த்துப் பியானோ சேனலைத் தானே கண்டுபிடிக்கும் தேர்வும் உண்டு. மாடலுக்கு மாடல் பெயர் மாறும். இடக்கை 3, வலக்கை 4 என்பதுபோல் ஃபைலில் வேறு எண்கள் இருந்தால் '1+2' உதவாது. ஃபைலில்தான் எண்ணை மாற்ற வேண்டும்.

கேள்வி: அப்படியானால் இரண்டு கையையும் ஒரே சேனலில் சேர்த்துவிடலாமா? சேர்த்துப் பார்த்தேன், பெடல் கெட்டுவிட்டது.

சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் முன் பெடலைப் பார்க்க வேண்டும். இந்த ஓரிடத்தில் காட்டும் அவசரம்தான் நல்ல ஃபைல்களைப் பாழாக்குகிறது.

பெடல் போன்றவற்றுக்கான மிடிக் கட்டளைக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். சஸ்டெயின் பெடல் என்பது கன்ட்ரோலர் 64. சாஸ்டெனூட்டோ 66, சாஃப்ட் பெடல் 67. இவை ஒவ்வொன்றும் தனக்குரிய சேனலைச் சேர்ந்தவை. தனித்தனிச் சேனலில் இருக்கும்வரை ஒன்றின் பெடல் இன்னொன்றைத் தொடாது. சேர்த்தவுடன் என்ன ஆகும்? 3ஆவது பாரின் முதல் தாளத்தில் இடக்கைச் சேனல் 127 (பெடலை மிதி) அனுப்பி, தந்தியை அடக்கும் டேம்பரைத் தூக்குகிறது என்று வையுங்கள். இரண்டாம் தாளத்தில் வலக்கைச் சேனலிலிருந்து 0 (பெடலை விடு) வருகிறது. டேம்பர்கள் கீழே விழுந்துவிடும், இடக்கையின் பேஸ் பாதியில் அறுந்துவிடும். உண்மையான பியானோவில் பெடல் ஒன்றுதான், அதை இரண்டு பேர் மிதிக்க முடியாது.

இப்படிச் செய்யுங்கள்:

1. மூல ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.
2. இரண்டு சேனல்களின் 64ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை அழித்துவிடலாம். வேறாக இருந்தால் பேஸ் எந்தச் சேனலில் இருக்கிறதோ அதன் பெடலை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். பெடல் மாறுவது பெரும்பாலும் பேஸ் மாறும் இடத்தில்தான்.
3. நோட்டுகளையும் 64, 66, 67ஐயும் சேர்த்தே தேர்ந்தெடுத்துச் சேனல் 1க்கு மாற்றுங்கள். நோட்டுகளை மட்டும் மாற்றினால் பெடல் பழைய சேனலிலேயே தங்கிவிடும், பியானோ வறண்டு ஒலிக்கும்.
4. இரண்டு கையும் ஒரே கட்டையைத் தொடும் இடங்களைத் தேடுங்கள். ஒரு கையின் நோட்-ஆஃப் (நோட்டை நிறுத்தும் கட்டளை) மற்ற கையின் நோட்டையும் நிறுத்திவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் முன்னதைச் சுருக்கி, அடுத்த அடிக்கு முன் கட்டை எழுந்து வர 60 முதல் 80 மில்லிநொடி இடைவெளி விடுங்கள். அப்ரைட் பியானோவில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம், அதன் கட்டை ஏறக்குறைய முழுதும் எழுந்தால்தான் அடுத்த அடி விழும்.
5. தொடக்கத்தில் புரோகிராம் 1 வைத்து, டைப் 0 (எல்லாம் ஒரே டிராக்கில் உள்ள வகை) ஆகச் சேமியுங்கள்.

64இல் 0, 127 மட்டுமல்லாமல் இடைப்பட்ட எண்களும் ஏராளமாக இருந்தால் அது அரைப் பெடல். 'சுத்தப்படுத்துகிறேன்' என்று அவற்றை நீக்கிவிடாதீர்கள், வாசித்தவரின் நுணுக்கமே அதில்தான் இருக்கிறது. இன்னொன்று: ஃபைல் ஒரு கையை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்வதற்கானது என்றால் சேர்க்கவே வேண்டாம். சேர்த்தபின் கைகளைத் தனியாக அணைக்க வழியில்லை.

கேள்வி: சேனல் மாற்றியபின் ஒரு கட்டை கீழேயே நிற்கிறது.

நோட்-ஆன் புதிய சேனலுக்குப் போய், நோட்-ஆஃப் பழைய சேனலில் நின்றுவிட்டது. உடனே நிறுத்தி, மென்பொருளின் பேனிக் பொத்தானை அழுத்துங்கள், அல்லது எல்லா நோட்டுகளையும் நிறுத்தும் கன்ட்ரோலர் 123ஐ அனுப்புங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் சோலினாய்டு சூடாகும். பிறகு ஃபைலில் அந்த நோட்டை அழித்துப் புதிதாக வரையுங்கள். சில கருவிகள் நோட்-ஆஃபுக்குப் பதிலாக வெலாசிட்டி (அடியின் பலம்) 0 உள்ள நோட்-ஆன் அனுப்பும். 'பூஜ்யம்தானே' என்று அவற்றை அழித்தாலும் இதே நிலைதான்.

கேள்வி: மென்பொருளில் சேனல் 0 என்று இருக்கிறது. பியானோவில் 0 இல்லையே?

மிடிக்குள் எண்ணிக்கை 0 முதல் 15 வரை. மனிதர்களுக்குக் காட்டும்போது 1 முதல் 16. உங்கள் மென்பொருள் உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது. ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். புரோகிராம் எண்ணிலும் இதே ஒரு எண் வித்தியாசம் வரும். நடு 'சி'யைச் சில நிறுவனங்கள் சி3 என்றும் சில சி4 என்றும் எழுதுகின்றன. குழம்பாமல் இருக்க நோட் 60 என்றே நினைவில் வையுங்கள்.

கேள்வி: கணினியிலிருந்து பியானோவுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். பியானோ அரை நொடி பின்தங்குகிறது.

அது வேண்டுமென்றே வைத்த தாமதம். மென்மையான அடிக்கு ஹேமர் மெதுவாகப் போகும், பலத்த அடிக்கு வேகமாகப் போகும். வந்த நோட்டை வந்தவுடனே அழுத்தினால் பலத்த நோட் முந்தியும் மெல்லிய நோட் பிந்தியும் கேட்கும், கார்டே சிதறிப்போகும். அதனால் டிஸ்க்ளாவியர் எல்லா நோட்டையும் 500 மில்லிநொடி வைத்திருந்து, மெல்லியதைக் கொஞ்சம் முன்னதாகவும் பலத்ததைப் பிந்தியும் இயக்கி, ஒலி ஒரே சீராக 500இல் விழும்படி செய்கிறது. இந்தத் தாமதத்தை அணைத்து நேரடி முறைக்கு மாற்ற மெனுவில் வழி உண்டு. இன்னொரு கீபோர்டிலிருந்து வாசிக்க அது சரி. ஃபைல் ஓட்டத் தாமதத்தை வைத்திருப்பதே நல்லது.

பியானோ டிராக்குக்கு மைனஸ் 500 மில்லிநொடி டிராக் டிலே கொடுங்கள், அல்லது மற்ற டிராக்குகளுக்கெல்லாம் பிளஸ் 500. மைனஸ் கொடுப்பவர்கள் பாட்டின் தொடக்கத்தில் இரண்டு பார் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் முதல் நோட்டுக்கு முன்னால் நகர இடம் இருக்காது. டெம்போ 120இல் அரை நொடி என்பது மிகச் சரியாக ஒரு பீட். அதை வைத்துப் பியானோ டிராக்கை ஒரு பீட் முன்னால் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பாட்டின் நடுவில் டெம்போ மாறினால் அந்தக் கணக்கு பிசகும், மில்லிநொடியில் கொடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை அடிக்கிறது.

மிடி வட்டமடிக்கிறது. பியானோ வெளியே அனுப்பும் நோட்டைக் கணினி திருப்பி அனுப்புகிறது. மென்பொருளில் பியானோ டிராக்கின் மானிட்டர் அமைப்பை (வரும் நோட்டைத் திருப்பி அனுப்புவது) அணையுங்கள். யூஎஸ்பி, ஐந்து பின் மிடி கேபிள் இரண்டையும் ஒரே நேரத்தில் செருகியிருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

கேள்வி: மெல்லிய இடங்களில் கட்டை இறங்குகிறது, ஒலி வரவில்லை.

வெலாசிட்டி மிகக் குறைவு. ஹேமர் தந்தியைத் தொடாமலே திரும்புகிறது. முதலில் உங்கள் பியானோவின் அடித்தளத்தைக் கண்டுபிடியுங்கள்: நோட் 60ஐ வெலாசிட்டி 20, 25, 30 என்று 5 கூட்டி 60 வரை எழுதி ஓட்டுங்கள். தெளிவாக ஒலிக்கும் முதல் எண்ணே அடித்தளம். பேஸ் பக்கமும் உச்சப் பக்கமும் ஒருமுறை சோதியுங்கள், மூன்றும் ஒன்றாக இராது. பிறகு ஃபைலின் வீச்சை அதற்குள் சுருக்குங்கள். ஃபைலில் 10 முதல் 90 வரை இருக்கிறது, உங்களுக்கு 35 முதல் 100 வரை வேண்டும் என்றால் பழைய 50 ஏறக்குறைய 67 ஆகும். எல்லாவற்றோடும் 25 கூட்டினால் பலத்த இடங்கள் காது கிழியும்.

பாட்டின் முடிவில் ஸ்பீக்கர் மெல்லத் தேய்ந்து பியானோ மட்டும் அதே பலத்தில் வாசித்தாலும் இதன் தொடர்ச்சிதான். அந்தத் தேய்வு ஒலியளவை மாற்றும் கன்ட்ரோலர் 7 அல்லது 11இல் எழுதப்பட்டிருக்கும். ஹேமருக்குப் பொருள்படுவது வெலாசிட்டி. கடைசி நோட்டுகளின் வெலாசிட்டியைக் கையால் இறக்குங்கள்.

கேள்வி: பியானோவுக்கான எம்பி3 ஒன்றைப் புளூடூத் வழியாக ஓட்டினால் ஒரு பக்க ஸ்பீக்கரில் கிரீச் என்ற சத்தம். கட்டை அசையவில்லை.

இங்கே சேனல் என்பது மிடி சேனல் அல்ல, ஸ்டீரியோவின் இடம் வலம். இந்த வகை ஃபைலில் ஒரு பக்கம் இசை, மறுபக்கம் மிடித் தகவலையே ஒலியாக மாற்றி வைத்தது. அந்தக் கிரீச் சத்தம்தான் உங்கள் பியானோவின் வாசிப்பு. அது ஸ்பீக்கருக்குப் போகாமல் கன்ட்ரோல் பெட்டிக்குப் போக வேண்டும். ஃபோனில் மோனோ, ஈக்வலைசர் இரண்டையும் அணைத்து, ஸ்டீரியோ கேபிளில் நேராக இணையுங்கள். புளூடூத் ஒலியை மறுபடி சுருக்கும்போது மிடித் தகவல் சிதையலாம். குறைந்த தரத்துக்கு மாற்றிச் சேமித்த நகலிலும் அப்படியே, மூல ஃபைலையே பயன்படுத்துங்கள். கேபிளிலும் கட்டை அசையவில்லை என்றால் ஃபோனின் ஒலியளவைக் கூட்டிப் பாருங்கள். சிக்னல் மிகத் தாழ்ந்திருந்தால் பெட்டிக்கு அது பிடிபடாது.