ஏழு கிளாஸ், ஒரு பேப்பர் கப்

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 26 வயது. வியாசர்பாடியில் இருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் மூன்று வருடமாக டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். நாங்கள் எஸ்.சி. வேலையில் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர், "வியாசர்பாடில எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். எனக்குப் பின்னால் சேர்ந்து இதே வேலை பார்க்கும் இரண்டு பசங்களுக்கு எச் கார்டுக்கு, அதாவது கஸ்டம்ஸ் அடையாள அட்டைக்கு, எழுதிப் போட்டுவிட்டார்கள். என் பெயர் மட்டும் போகவில்லை. கேட்டால், "பார்ட்டிகிட்டல்லாம் உன் பேச்சு செட்டாகாதும்மா" என்கிறார். ஆனால் யார்டில் கன்டெய்னர் மாட்டிக்கொண்டால் பேசச் சொல்லி என்னிடம்தான் போனைக் கொடுப்பார். அந்தப் பசங்களுக்கு என்னைவிட 4,000 ரூபாய் சம்பளமும் அதிகம். போன மாதம் ஆபீஸ் செலவுப் பணத்தில் 2,000 ரூபாய் குறைந்தபோது என் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள். சாயங்காலம் டிரைவர் பேட்டா கணக்கில் அந்தப் பணம் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வரும்போது எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப். கொண்டுவரும் பையனைக் கேட்டேன், "சார் சொன்னாருக்கா" என்றான். இது பாகுபாடுதானா, இல்லை நான்தான் பெரிதாக்குகிறேனா? "சம்பளம் வருதுல்ல, கம்முனு இரு" என்கிறார் அம்மா. வேறு வேலைக்கு எழுதும்போது அம்பத்தூர் சித்தி வீட்டு விலாசத்தைப் போடலாமா?
– ப., வியாசர்பாடி

பதில்: என் மகள் வயது உனக்கு. அதனால் "நீ" என்றே எழுதுகிறேன்.

ஆமாம், பாகுபாடுதான். நீ எதையும் பெரிதாக்கவில்லை. மூன்று வருடமாகச் சின்னதாக்கிக்கொண்டே வந்திருக்கிறாய், அதனால்தான் இப்போது உனக்கே சந்தேகம் வருகிறது.

எல்லாக் கசப்பும் பாகுபாடு ஆகிவிடாது என்பதும் உண்மை. எல்லோரையும் கத்துகிற மேனேஜர் உண்டு. அவர் மோசமான மேனேஜர், அவ்வளவுதான். கண்டுபிடிக்க ஒரே வழி, பக்கத்து நாற்காலியைப் பார்ப்பது. உனக்கு நடந்தது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் நடந்ததா? சொல்லும் காரணம் அவருக்கும் பொருந்துமா? உன் பேச்சு சரியில்லை என்றால் யார்டுக்குப் பேச மட்டும் அதே பேச்சு எப்படிச் சரியாகிறது? கன்டெய்னர் ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பணத்தைக் காப்பாற்றிக் கொடுக்க உன் பேச்சு போதும், உன்னை ஒரு படி ஏற்றிவிட மட்டும் போதாது. இதை நீயே உன் கடிதத்தில் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரிகளை நான் நாலு முறை படித்தேன்.

"எந்தப் பக்கம்?" என்ற கேள்வியை வட சென்னையில் பிறந்த நம்மில் பலர் எதிர்கொண்டிருக்கிறோம். பஸ் வசதிக்காகக் கேட்கிறார்களா, வேறு எதற்காகவாவது கேட்கிறார்களா என்று கேட்கும் முகத்திலேயே தெரிந்துவிடும். தெருப் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

எனக்கு வேறு மாதிரி நடந்தது. காசிமேட்டில் பிறந்தவள் நான், அப்பா கடலுக்குப் போனவர். 1989இல் பிராட்வே பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் நான் உள்ளே வந்ததும் எழுந்து, டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்காருவார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். தினமும். காகிதம் பறக்காமல் இருக்க நான் ஸ்டேப்ளரையும் ஸ்கேலையும் மேலே வைத்துக்கொண்டு டைப் அடிப்பேன். மீன் கொண்டுபோவதை நிறுத்தினேன். அப்புறம் வீட்டிலேயே வார நாளில் மீன் சாப்பிடுவதை நிறுத்தினேன். இரண்டு முறை குளித்தேன். பதினான்கு மாதம் கழித்து, "உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். கொஞ்ச நாள் போய், எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தியை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். நான் விட்டுவந்த நாற்காலியில்தான் அவள் இருந்தாள். பேச்சுவாக்கில் ஃபேனைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்குமாக்கா?" என்றாள். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தது இன்றுவரை போகவில்லை.

அதனால் உனக்கு முதலில் சொல்வது: ஒரு நோட்டு வாங்கு. வீட்டில் வை, ஆபீசில் வைக்காதே. அன்றன்று நடந்ததை அன்றன்று இரவே எழுது. மனசு எப்படி வலித்தது என்பதை வேண்டுமானால் எனக்கு எழுது. நோட்டில் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும். இப்படி: "12ஆம் தேதி. காலை 11.20. டீ. எட்டுப் பேர் இருந்தோம். ஏழு கிளாஸ், ஒரு பேப்பர் கப். கப் எனக்கு." இவ்வளவு போதும். ஒரு நாள் இப்படி இருந்தால் கிளாஸ் உடைந்துவிட்டது என்பார்கள். நாற்பது நாள் இருந்தால் என்ன சொல்வார்கள்? பை சோதனை, எச் கார்டு, அந்த முதல் வாரக் கேள்வி எல்லாவற்றையும் நினைவிருக்கும் வரை, நினைவிருக்கும் தேதியோடு, இன்றைக்கே எழுதிவிடு. வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால் அழிக்காதே. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று என்று பழைய போனை விற்றுவிடவும் செய்யாதே. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அந்த போனே வேண்டியிருக்கும்.

டீப் பையனை இழுக்காதே. அவனுக்கும் அது பிழைப்பு. அவன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள், அவனைச் சாட்சிக்கு வா என்று இப்போது கேட்காதே.

இரண்டாவது, எச் கார்டு. இந்தத் தொழில் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி: கஸ்டம்ஸ் ஹவுசில் நிறுவனத்தின் சார்பாக வேலை பார்க்கச் சுங்கத் துறை கொடுக்கும் அடையாள அட்டை அது. அதற்கு மேலே பரீட்சை எழுதித் தேறினால் ஜி கார்டு. நீயாகப் போய் வாங்க முடியாது, நிறுவனம்தான் எழுதிப் போட வேண்டும். ஆக, உன் பெயரை அனுப்பாமல் இருந்தால் மூன்று வருடம் முப்பது வருடம் ஆனாலும் நீ அதே மேசையில்தான். மனசு புண்படுகிற விஷயத்தோடு இது நிற்கவில்லை, உன் வருமானத்தில் கை வைக்கிற விஷயம்.

இதை வாய்வார்த்தையாகக் கேட்டது போதும். ஈமெயிலில் கேள். சாதி, டீ, பை எதுவும் அதில் வேண்டாம். "இந்தத் தேதியில் சேர்ந்தேன், இன்னின்ன வேலை செய்கிறேன், எனக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு எச் கார்டுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, எனக்கு எப்போது அனுப்புவீர்கள், அனுப்ப முடியாதென்றால் காரணம் என்ன என்று தெரிவிக்கவும்." ஐந்தாறு வரி. மேனேஜருக்கு அனுப்பி, முதலாளிக்கும் ஒரு நகல் வை. பல ஆபீசில் மேனேஜர் செய்வது முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவர்களும் உண்டு. எழுத்தில் வந்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நீ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்ட அந்த 4,000 ரூபாய். அவர்கள் ஆண்கள், நீ பெண், மூன்று பேருக்கும் ஒரே வேலை, நீ மூத்தவள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. அது இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். சாதியால் என்று நிரூபிப்பது பல நேரம் கஷ்டம், ஆனால் சம்பளச் சீட்டு பேசும். உன் சீட்டுகளை எல்லாம் எடுத்து வை. வங்கிக் கணக்கில் வந்த வரவையும் அச்செடுத்துக்கொள். தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க முடியும்.

சட்டத்தைப் பற்றி உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் வேலையில் எல்லாவிதப் பாகுபாட்டையும் சேர்த்துத் தடுக்கும் ஒரே சட்டம் நம் நாட்டில் இல்லை. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அரசாங்கத்தை மட்டுமல்லாமல் உன் மேனேஜரையும் கட்டுப்படுத்தும். அதற்காக வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலையில் தடுப்பதையும் குற்றம் என்கிறது. கிராமத்து டீக்கடை இரட்டைக் குவளையை நாம் எல்லோரும் கண்டித்திருக்கிறோம். ஏ.சி. போட்ட மண்ணடி ஆபீசில் அது பேப்பர் கப்பாக வந்தால் வேறு பெயரா வைக்க முடியும்?

பிறர் பார்க்க, கேட்க உன் சாதியைச் சொல்லித் திட்டினால், இழிவுபடுத்தினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. செய்தவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவராக இருக்க வேண்டும். டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், சென்னையில் என்றால் உதவி கமிஷனர். முதல் தகவல் அறிக்கை போடும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீ எழுதியதில் இதுவரை யாரும் சாதிப் பெயரைச் சொன்னதாக இல்லை. அதனால் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு நிற்கும் என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று யோசிக்காதே. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 15100க்குப் பேசு. சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, உன் ஆபீசிலிருந்து நடந்தே போய்விடலாம். வன்கொடுமைக்கென்றே 14566 என்ற உதவி எண்ணும் உண்டு. நோட்டோடு போ.

பெண் என்பதால் தகாத பேச்சோ தொடுதலோ இருந்தால் அது வேறு கணக்கு. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீ எழுதவில்லை, இருந்தால் தள்ளிப்போடாதே.

அம்மா சொல்வதைக் கோபமாகக் கேட்காதே. வாடகை எப்படிக் கட்டுவது என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் நியாயமானது. ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிவிடாதே, அவர்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதே. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீசோ அதற்குப் பதிலான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. இதை அம்மாவிடம் பொறுமையாக உட்கார்ந்து சொல். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வரும். வேறு வேலையும் தேடிக்கொண்டே இரு. தேடுவது தோற்றுப்போவது ஆகாது.

அந்த இரண்டு பசங்களில் ஒருவரிடமாவது பேச முடியுமா என்று பார். அவர்கள் உனக்கு எதிரி இல்லை. உன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், பெரம்பூரில்தான் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற சங்கம். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் வீடுகள் எரிந்தன. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். உன் பையைத் திறக்கச் சொன்ன அன்று, "எங்க பையையும் பாருங்க சார்" என்று ஒருவர் எழுந்திருந்தால் போதும், அந்த அறையே மாறியிருக்கும்.

விலாசம் கேட்டிருந்தாய். நான் காசிமேட்டை மறைத்து "ராயபுரம்" என்று எழுதிய விண்ணப்பங்கள் உண்டு. அதனால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடிதம் வந்துசேர ஒரு விலாசம் என்று சித்தி வீட்டைப் போடுவது தப்பில்லை. குடியிருக்கும் இடம் என்ற இடத்தில் மட்டும் போடாதே. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வியாசர்பாடி என்று இருக்கும்போது, பின்னால் சரிபார்க்க வந்தால் "பொய் சொன்னாள்" என்று ஒரு காரணத்தை நாமே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். இன்னொன்றும் தோன்றுகிறது. விலாசத்தைப் பார்த்துக் கூப்பிடாத ஆபீஸ், கூப்பிட்டிருந்தால் உன்னை எப்படி நடத்தியிருக்கும்?

இந்த வாரமே அந்த ஈமெயிலை எழுது. அனுப்பும் முன் ஒரு நாள் வைத்திருந்து, காலையில் மறுபடி படித்துவிட்டு அனுப்பு. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது. பதிலே வரவில்லை என்றாலும் எழுது.