காட்டுக்குள் மூன்று படிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு காட்டில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கினேன். முளை அடிக்கும்போது ஓர் இடத்தில் அது இறங்கவே இல்லை. சருகை விலக்கிப் பார்த்தால் கல் வரிசை. நேராக ஓடி ஒரு மூலையில் திரும்பியது. சற்றுத் தள்ளி மூன்று படிகள், ஏறினால் எதுவும் இல்லை. அங்கே கிடந்த செங்கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். நினைவுக்கு ஒன்றை எடுத்தும் வந்துவிட்டேன். அது என்ன கட்டிடமாக இருக்கும்? எடுத்தது தப்பா?

க.

அன்புள்ள க.,

தப்புதான். பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். அதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகப் பேசலாம்.

நானும் யோக்கியன் இல்லை. ஒருமுறை இடிந்த சுவரிலிருந்து கற்களை உருவி நெருப்பைச் சுற்றி அடுக்கினேன். நடு இரவில் ஒன்று பட்டென்று வெடித்து, சில்லு என் போர்வையில் ஓட்டை போட்டது. ஈரம் ஊறிய கல் சூடானால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அப்படித்தான் பிளக்கும். போர்வை போனது பெரிதில்லை. பழைய அடுப்புக்கரியில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் சொல்ல முடியும். அந்த முறைக்காக வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் நாம் போன வாரத்துக் கரியைக் கொட்டிவிட்டு வருகிறோம். உங்கள் மேசைமேல் இருக்கும் செங்கல்லில் ஒரு பக்கம் கறுத்திருந்தால், அது அந்த வீட்டு அடுப்பின் கறுப்பா, உங்கள் அடுப்பின் கறுப்பா? இனி யார் சொல்வது?

என்ன கட்டிடம் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்த்திருக்கலாம். படி இருக்கும் இடத்தில் வாசல். அங்கிருந்து கல் வரிசையோடு நடந்து காலடியை எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு அடியில் திரும்பினால் ஒருவேளை அறை. திரும்பாமல் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தால் வயல் வரப்பு. அமெரிக்காவின் வடகிழக்கில் இப்படிப்பட்ட கல்வேலிகள் மரங்களுக்கு நடுவே மைல் கணக்கில் ஓடுகின்றன. உழும்போது தட்டுப்பட்ட கற்களை விவசாயிகள் ஓரத்தில் அடுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பலர் நிலத்தை விட்டுப் போக, மரங்கள் திரும்ப வந்தன. காடு ஆதியிலிருந்தே இருப்பது, கட்டிடம் நடுவில் வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே சுவர்தான் மூத்தது.

அப்புறம் காரை. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து, நடுவில் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் பெரும்பாலும் போர்ட்லண்ட் சிமென்ட், அதாவது இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சிமென்ட். அதற்கு 1824இல்தான் காப்புரிமை, ஆகவே சுவர் அதற்குப் பிறகு கட்டியது. சுண்ணாம்பு இருந்தால் பழசு என்று சட்டென முடிவுகட்டிவிடாதீர்கள். சிமென்ட் வந்த பிறகும் நெடுநாள் சுண்ணாம்பில் கட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது செடிகள்தான். சுவர் மண்ணோடு போயிருக்கும், முற்றத்தில் யாரோ நட்ட பூ மட்டும் வரிசை கலையாமல் நிற்கும். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டில், தேசியப் பூங்காவுக்காக மக்கள் காலிசெய்த வீட்டு மனைகளில் இன்றும் டாஃபடில் என்ற மஞ்சள் பூ பூக்கிறது. பிரான்ஸின் ட்ரோன்ஸே காட்டில் ரோமானியர் காலக் குடியிருப்புகளைச் சுற்றி மண்ணில் பாஸ்பரஸ் என்ற உரச்சத்து கூடுதல், முளைக்கும் செடிகளும் வேறு. எருவும் சாம்பலும் கொட்டிய கை போய் 1500 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஒரு எச்சரிக்கை. வீடு இருந்த இடத்தில் கிணறும் இருந்திருக்கலாம். உளுத்த பலகைமேல் சருகு மூடிக் கிடந்தால் தெரியாது. இருட்டில் அங்கே நடமாட வேண்டாம்.

செங்கல்லுக்கு வருவோம். அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு இடத்தைக் குறித்து எழுதுங்கள், எடுத்துவந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். இடத்தை இணையத்தில் மட்டும் போடாதீர்கள்; அடுத்த வாரமே கடப்பாரையோடு ஆள் வரும். திருப்பி வைக்கச் சொன்னால் கொண்டுபோய் வையுங்கள். எந்தக் குவியலில் எடுத்தீர்கள், படிக்கு இடப்புறமா வலப்புறமா என்று இன்று இரவே ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். இன்னும் ஒரு மாதம் போனால் உங்களுக்கே மறந்துபோகும்.