யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒப்பியல் இலக்கியம் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

ஏ.எல். எழுதிவிட்டுக் கம்பஸுக்குக் காத்திருக்கிறேன், ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்பாட்டுப் புத்தகங்களை இப்போதைக்குத் தூர வையுங்கள். வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு, அதனால் இரண்டு சின்ன இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழகுங்கள்.

நான் தலைகீழாகத் தொடங்கி வாங்கிக் கட்டிக்கொண்டவன். முதலாம் வருட ஒப்படையில் கம்பனையும் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரையும் பிடித்து, இரண்டிலும் மனைவியைத் தூக்கிப் போகிறார்கள், கடல் தாண்டுகிறார்கள், போர் நடக்கிறது என்று 8 பக்கம் நிரப்பினேன். சேர் அடியில் ஒரே வரி எழுதித் தந்தார்: "சரி, அதுக்கு இப்ப என்ன?" கோபம்தான் வந்தது. ஒற்றுமைகளை அடுக்கினால் ஒப்பீடு ஆகாது என்று விளங்க இன்னொரு வருடம் பிடித்தது.

இன்றைக்கென்றால் புறநானூறு 278இல் தொடங்குவேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது, ஒன்பதே அடி. மகன் போரில் புறங்காட்டினான் என்று பலரும் சொல்ல, அது உண்மையென்றால் அவன் பால் குடித்த முலையை அறுத்துவிடுவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் ஒரு கிழவி. பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள்.

அப்புறம் ட்ரோய் நகரத்துப் போரைப் பாடும் ஹோமரின் காவியம் இலியட், அதன் 22ஆம் பகுதி. கிரேக்க வீரன் அக்கிலிஸ் வருகிறான், ட்ரோய் இளவரசன் ஹெக்டர் மதிலுக்கு வெளியே தனியே நிற்கிறான். தாய் ஹெகுபா அழுதபடி மார்பைத் திறந்து காட்டி, இந்தப் பாலை நினைத்தாவது உள்ளே வா என்று கெஞ்சுகிறாள்.

பால் கொடுத்த உரிமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கேட்பது மட்டும் ஏன் நேர்மாறு? ஹெக்டர் விழுந்தால் ட்ரோய் நகரமே விழும் என்பதாலா? ஒன்று நெடுங்கதையின் நடுவில் வருகிறது, மற்றது தனிப்பாட்டு என்பதாலா? இன்னொன்றும் பாருங்கள். 278க்குத் துறை, அதாவது பாட்டின் பொருளைச் சுட்டும் வகைப்பெயர், 'உவகைக் கலுழ்ச்சி' என்று குறித்திருக்கிறார்கள். கலுழ்ச்சி என்றால் அழுகை. பாட்டில் கிழவி அழவே இல்லை! துறை வகுத்தவர் அதை எங்கே கண்டார்? இதில் ஒரு கிழமை மினக்கெட்டேன், வீண் என்று சொல்லமாட்டேன்.

ஒன்றையொன்று அறியாத இலக்கியங்களை ஒப்பிடலாமா என்ற சண்டை இருக்கிறது. ஒப்பியலில் பிரெஞ்சு மரபினர் இரண்டுக்கும் இடையே தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அமெரிக்க மரபினர் அவ்வளவு கேட்கமாட்டார்கள். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் காணும்.

பிறகு கைலாசபதியிடம் போங்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாட்டைக் கிரேக்க, ஐரிஷ் வீரப் பாடல்களோடு வைத்துப் பார்த்தவர். 1974இல் இங்கே பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவர்தான். அவருடைய 'ஒப்பியல் இலக்கியம்' தமிழிலேயே இருக்கிறது, ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். ஹோமருக்கு மட்டும் ஒரு வசன மொழிபெயர்ப்பும் அகராதியும் வேண்டும். ஹெகுபா வரும் இடம் பத்துப் பதினைந்து வரிதான், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.